நீள வீடு, பின்பக்க மாடியில் வைஃபை இல்லை: ரெண்டாயிரத்துக்குள் என்ன வழி?

பின்கட்டு_மாடி (கேள்வி)

வணக்கம். வீடு தண்டையார்பேட்டையில் ஒரு சந்துக்குள். அகலம் 12 அடி, நீளம் 55 அடி. தெருவில் இருந்து வரிசையாக ஹால், நடு ரூம், சமையலறை, அதைத் தாண்டி மாடிப்படி. மாடியில் ஒரே ரூம், அதுவும் பின்பக்கம். சுவர் எல்லாம் 9 இன்ச் செங்கல். கீழ்த்தளத்துக்கு மேலே கான்கிரீட் தளம்.

ஃபைபர் இணைப்பு 100 எம்பிபிஎஸ். மோடம் 2.4, 5 ஜிகாஹெர்ட்ஸ் ரெண்டும் கொடுக்கும். ஹாலில் இரும்பு பீரோ மேலே, டிவிக்குப் பின்பக்கமா இருக்கு. போனில் அளந்தது:

ஹால்: 5 ஜிகாவில் 94 எம்பிபிஎஸ்
நடு ரூம்: 5 ஜிகாவில் 40
சமையலறை: 2.4 மட்டும்தான் பிடிக்குது, 7
மாடி ரூம்: 2.4, சிக்னல் -83 டிபிஎம் (பூஜ்யத்துக்கு நெருங்க நெருங்க நல்லது). பிடிக்கும், விடும்.

மாடி ரூமில்தான் பொண்ணு ஆன்லைன் டெஸ்ட் எழுதணும். வீடு வாடகை, சுவரில் துளை போட ஓனர் விடமாட்டார். பழைய டிபி-லிங்க் 841என் ரூட்டர் ஒண்ணு சும்மா கிடக்கு. பட்ஜெட் 2,000 ரூபாய். ரிப்பீட்டர் (சிக்னலை வாங்கித் திருப்பி வீசும் கருவி) வாங்கினால் சரியாகுமா?

தேரடி_வயர்மேன்

முதல்ல காசு செலவில்லாத வேலையை முடிங்க. பீரோவை விட்டு மோடத்தை எடுங்க. இரும்புத் தகடு ஒட்டி இருந்தா அந்தப் பக்கம் சிக்னல் திரும்பிடும். டிவியோட பின்பக்கமும் உலோகம்தான். நீங்க வச்சிருக்கிற இடத்துல வீட்டுப் பக்கம் போக வேண்டிய சிக்னல்ல பாதி தெருவுக்குப் போகுது. நடு ரூம் வாசலுக்கு நேரா, ஆள் தலைக்கு மேல ஏழு அடி உயரத்துல, சுவரை விட்டு நாலு விரல் தள்ளி வைங்க. ஆன்டெனா வெளியே தெரியிற மாடல்னா ஒண்ணை நேரா நிமிர்த்துங்க, இன்னொண்ணைப் படுக்கையா சாய்ங்க. குச்சி ஆன்டெனா பக்கவாட்டுலதான் அதிகம் வீசும், முனைப்பக்கம் ரொம்பக் கம்மி. எல்லாத்தையும் நிமிர்த்தி வச்சா மேல இருக்கிற மாடிக்கு மிச்சம்தான் வரும்.

மாத்தும்போது ஃபைபர் வயரை மடக்காதீங்க. வளைவு குறைஞ்சது ஒரு டீ டம்ளர் வாய் அளவு இருக்கணும். பச்சைக் கனெக்டரைக் கழட்டினா வெள்ளை முனையில விரல் படக் கூடாது. விரல் எண்ணெய் போதும், எல்ஓஎஸ் லைட் (ஃபைபர்ல ஒளி வரலைன்னு காட்டுறது) சிவப்பா எரியறதுக்கு.

அடுத்தது சேனல், அதாவது வைஃபை பேசுற அலைவரிசை. நம்ம பக்கம் வீடு வீட்டை ஒட்டி இருக்கு. வைஃபை அனலைசர் ஆப்பைத் திறந்தா 2.4ல இருபது முப்பது பெயர் வரும். 1, 6, 11 இந்த மூணுல எது காலியோ அதை மட்டும் போடுங்க. "3 காலியா இருக்கே"ன்னு போட்டா 1 மேலயும் 6 மேலயும் ரெண்டு பக்கமும் மோதும். அகலம் 20 மெகாஹெர்ட்ஸ். 40 போட்டா இந்த நெரிசல்ல வேகம் ஏறாது, இறங்கும்.

இதைச் செஞ்சுட்டு அதே நாலு இடத்துல, அதே போனை வச்சு மறுபடி அளந்து எழுதுங்க. -67க்கு மேல இருந்தா வீடியோ கால் தடையில்லாம ஓடும். -75க்குக் கீழ இறங்கினா டெஸ்ட் எழுத நம்ப முடியாது.

மின்ட்_மணிக்கூண்டு

துளை போட முடியாத வாடகை வீட்டுக்கு ரிப்பீட்டர்தானே சுலபம்? ஆயிரத்து ஐநூறுக்குள்ள ரெண்டு பேண்ட் உள்ளது கிடைக்குது. ஆனா வைக்கிற இடம் முக்கியம். நிறைய பேர் சிக்னல் இல்லாத ரூம்லயே கொண்டுபோய்ச் செருகிடுறாங்க. அதுக்கே -83தான் வருதுன்னா அது எதைத் திருப்பிக் கொடுக்கும்? மோடத்தில இருந்து -60, -65 வர்ற இடத்துல வைக்கணும். உங்க வீட்டுல அது நடு ரூமோட பின்சுவர். மோடத்தோட 5 ஜிகாவுல பேசி, போன்களுக்கு 2.4ல கொடுக்கிற மாதிரி செட் பண்ணுங்க. ரெண்டு பக்கமும் ஒரே பேண்டுல பேசினா கேட்கிற நேரம், சொல்ற நேரம்னு பாதிப் பாதியாப் பிரியும், வேகமும் பாதியாகும்.

தேரடி_வயர்மேன்

ரிப்பீட்டர் வைக்கிற இடம் பத்தி நீங்க சொன்னது சரி. ஆனா இவர் கேஸ்ல நடு ரூம்ல வச்சாலும் சமையலறைச் சுவர், அப்புறம் கான்கிரீட் தளம், அதுக்குள்ள இருக்கிற கம்பி வலை, எல்லாம் தாண்டித்தான் மாடிக்குப் போகணும். சமையலறை நல்லா ஆகும். மாடி -83ல இருந்து -74க்கு வந்தா பெருசு. மெட்ராஸ் டெரஸ் வீடா இருந்தா வேற கதை. தேக்குச் சட்டம், செங்கல், சுண்ணாம்புன்னு இருக்கிற தளத்துல கம்பி வலை கிடையாது, சிக்னல் ஓரளவு இறங்கும். இது கான்கிரீட்.

கையில ரூட்டர் இருக்குறப்ப காசை நெட்வொர்க் வயருக்குப் போடறதுதான் நியாயம். மோடத்துல இருந்து மாடிக்கு வயர் இழுத்து, அந்த ரூட்டரை மேல வச்சு வைஃபை கொடுக்கலாம். 841என் பழசு, 2.4 மட்டும், போர்ட் 100 எம்பிபிஎஸ். உங்க பிளானும் 100தானே, போதும்.

கல்மண்டபம்_கேபிள்

வயர் இழுக்கிறதுக்கு முன்னாடி ஒரு வழி. மோடத்தையே வீட்டு நடுவுக்குக் கொண்டுபோகலாம். இருக்கிற பச்சை முனையோட ஒரு பச்சைக் கப்ளர் (ரெண்டு முனையைச் சேர்க்கிறது), அதுல இருந்து 10 மீட்டர் எஸ்சி-ஏபிசி பேட்ச் கார்டு, அதாவது ரெண்டு பக்கமும் பச்சை முனை உள்ள ஃபைபர் வயர். ஃபைபர்ல கரண்ட் கிடையாது, மெல்லிசா இருக்கும், கதவு மேல வென்டிலேட்டர் சந்துலயே போயிடும். மொத்தம் ஐநூறு ரூபாய்க்குள்ள முடியும்.

ரெண்டு விஷயத்துல தப்பு நடக்குது. ஒண்ணு, பச்சையோட நீலத்தைச் சேர்க்கிறது. பச்சை முனை 8 டிகிரி சரிவா தேய்ச்சது, நீலம் நேர். ரெண்டும் செருகும், ஆனா நடுவுல காத்து இடைவெளி விழுந்து ஒளி திரும்பி அடிக்கும். ரெண்டாவது, பவரைப் பார்க்காம விட்டுடுறது. மோடத்தோட அமைப்புப் பக்கத்துல ஆப்டிகல் ஆர்எக்ஸ் பவர்னு ஒண்ணு காட்டும், மோடத்துக்கு வந்து சேர்ற ஒளியோட அளவு அது. மாத்தறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் குறிச்சுக்குங்க. ஒரு கப்ளர் போட்டா அரை டிபி போகலாம், அவ்வளவுதான். இரண்டு மூணு டிபி குறைஞ்சா முனையில தூசி, இல்ல எங்கேயோ வளைவு. -27தான் எல்லை. இப்பவே -25ல இருந்தா தொடாதீங்க, லைன்காரரைக் கூப்பிடுங்க.

இது கீழ்வீட்டுக்கு. மாடிக்கு வயர்மேன் சொன்னதுதான்.

பின்கட்டு_மாடி

எல்லாருக்கும் நன்றி. மோடத்தை பீரோவிலிருந்து எடுத்து நடு ரூம் வாசல் மேலே ஷெல்ஃபில் வைத்தேன். 2.4ஐ சேனல் 1, அகலம் 20. நடு ரூமில் 5 ஜிகா 78க்கு வந்துவிட்டது. சமையலறை 2.4ல் 22. மாடி -77, இன்னும் விட்டு விட்டுத்தான் பிடிக்கிறது. ஆக, வயர்தான். துளை இல்லாமல் எப்படிக் கொண்டுபோவது, ரூட்டரில் என்ன மாற்றுவது என்று படிப்படியாகச் சொல்ல முடியுமா?

தேரடி_வயர்மேன்

வழி முதல்ல. கதவு நிலைக்கு மேல வென்டிலேட்டர் இருக்கும், அதுல நுழைங்க. சமையலறைச் சுவர்ல கேபிள் டிவிக்கு எப்பவோ போட்ட துளை இருக்கான்னு பாருங்க, இந்தப் பக்கத்து வீடுகள்ல முக்காவாசி இருக்கும். மாடிப்படி வழியா உள்ளயே ஏத்துங்க. வெளிச் சுவர்ல ஏத்தாதீங்க. வெயில்ல சாதா வயர் தோல் ஒரு வருஷத்துல வெடிச்சிடும். ஐப்பசி கார்த்திகை இடி மழைல, மொட்டை மாடி வரைக்கும் போற செம்பு வயர் ரெண்டு பக்க போர்ட்டையும் சேர்த்து எரிச்சிடலாம். கரண்ட் வயர் போற பைப்புக்குள்ளயும் விடக் கூடாது.

நீளம்: மோடத்துல இருந்து படிக்கட்டு வரை 35 அடி, ஏற 12, மேல ரூமுக்குள்ள 10, வளைவு நெளிவுக்கு 10. 67 அடி, 20 மீட்டருக்குச் சற்று மேல. 25 மீட்டர் வாங்குங்க. ஆணி அடிக்காம ஒட்டுற பிளாஸ்டிக் பட்டி கிடைக்கும். சுண்ணாம்பு அடிச்ச சுவர்ல ஒட்டாது, கதவு நிலை, ஜன்னல் சட்டம் மேல ஒட்டுங்க.

இனி ரூட்டர். சில பதிப்புல மெனுவிலேயே ஆக்சஸ் பாயின்ட் மோடு (வயர்ல வர்ற நெட்டை வைஃபையா மட்டும் கொடுக்கிறது) இருக்கும், அதைத் தட்டினா முடிஞ்சது. இல்லைன்னா கையால செய்யணும். வரிசை மாறினா உள்ளேயே நுழைய முடியாம போயிடும், அதனால இதே வரிசையில பண்ணுங்க.

பின்னால இருக்கிற ரீசெட்டை 10 நொடி அழுத்திப் புதுசாக்குங்க. லேப்டாப்பை வயர்ல அதோட எல்ஏஎன் போர்ட்டுல (வீட்டுக் கருவிகளுக்கான போர்ட்) மாட்டுங்க. இப்ப மோடத்தோட சேர்க்காதீங்க. வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் மோடத்துல இருக்கிறதே எழுத்து மாறாம போடுங்க. பாதுகாப்பு டபிள்யூபிஏ2, அதுல ஏஇஎஸ். டிகேஐபி போட்டா 54 எம்பிபிஎஸ் பழைய வேகத்துக்குத் தள்ளிடும். சேனல் 11, அகலம் 20. மோடம் 1ல இருக்கு, ரெண்டும் மோதாது.

அப்புறம் எல்ஏஎன் ஐபி, அதாவது வீட்டு நெட்வொர்க்குல ரூட்டரோட முகவரி. மோடம் 192.168.1.1ன்னு வச்சுக்குவோம். ரூட்டருக்கு 192.168.1.2 கொடுங்க. மோடத்துக்குள்ள போய் டிஹெச்சிபி (ஒவ்வொரு கருவிக்கும் தானா முகவரி கொடுக்கிறது) வரம்பை 100ல இருந்து 200 வரைன்னு சுருக்கிடுங்க, அப்பத்தான் 2ஐ வேற போனுக்குக் கொடுக்காது. ரூட்டர் திரும்பி எழுந்ததும் 192.168.1.2ன்னு அடிச்சு உள்ள போங்க. கடைசியா அதோட டிஹெச்சிபியை அணைங்க. இதை முதல்லயே அணைச்சா லேப்டாப்புக்கு முகவரி கிடைக்காம வெளியே நிப்பீங்க.

இப்ப மோடத்தோட எல்ஏஎன் போர்ட்டுல இருந்து வர்ற வயரை ரூட்டரோட எல்ஏஎன் போர்ட்டுல மாட்டுங்க. நீல நிற டபிள்யூஏஎன் (வெளி இணைப்புக்கான) போர்ட்டுல இல்ல. அதுல மாட்டினாலும் நெட் வரும், ஆனா மாடிக்குத் தனி நெட்வொர்க் ஆகிடும். கீழே இருக்கிற பிரின்டர், டிவி எதுவும் மேல தெரியாது. படியில ஏறும்போது போனுக்கு ஐபி மாறி கால் கட் ஆகும். ரெண்டு டிஹெச்சிபி ஓடினா இன்னும் மோசம்: சில நேரம் நல்லா வரும், சில நேரம் "இணைந்தது, இணையம் இல்லை". காரணம் தெரியாம ஜனங்க நாள் கணக்கா மோடத்தை அணைச்சு அணைச்சுப் போடுவாங்க.

ஒண்ணு விட்டுட்டேன். அடாப்டரை மாத்திடாதீங்க. 841என்ல 9 வோல்ட் அடாப்டர் வரும், மோடத்துக்குப் பெரும்பாலும் 12 வோல்ட். பின் ரெண்டுலயும் செருகும். ஸ்டிக்கர் ஒட்டி வைங்க. கரண்ட் கட்டுக்கு மினி யூபிஎஸ் வாங்கினாலும் வோல்ட்டைப் பார்த்து வாங்குங்க.

காசிமேடு_உப்புக்காத்து

வயர் வாங்கறப்போ கவனம் தம்பி. எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கிற ரிச்சி தெருவுக்குப் போறதுன்னா விம்கோ நகர் லைன் மெட்ரோவுல ஏறி அரசினர் தோட்டத்துல இறங்கினா நடக்கிற தூரம். "கேட்-6"ன்னு மேல அச்சடிச்சிருந்தா மட்டும் நம்பாதீங்க. முழுச் செம்பான்னு கேளுங்க. விலை பாதியா இருந்தா அது செம்பு முலாம் பூசின அலுமினியம். கடையிலேயே ஒரு கம்பியைப் பிளேடால சுரண்டிப் பாருங்க. உள்ள வெள்ளையாத் தெரிஞ்சா அலுமினியம். நகத்தாலே ரெண்டு தடவை மடக்கினா ஒடிஞ்சிடும்.

கடலோரத்துல இது முக்கியம். நம்ம பக்கம் உப்புக் காத்து, கனெக்டருக்குள்ள செம்பு முலாம் தேஞ்ச இடத்துல அலுமினியம் வெள்ளைப் பொடியா பூக்கும். முதல் மழைக்காலம் தாண்டினா போர்ட் லைட் எரிஞ்சு அணையும். செம்பு வயர் வாங்குங்க, கனெக்டரும் தங்க முலாம் பின் உள்ளது. திறந்து கிடக்கிற போர்ட்ல ரப்பர் மூடி போடுங்க, இல்ல வேண்டாத கனெக்டர் ஒண்ணைச் செருகி வைங்க. ஜன்னல் ஓரம், கடல் பார்த்த சுவர் மேல ரூட்டரை வைக்காதீங்க.

முழுச் செம்பு மீட்டர் 25ல இருந்து 35 ரூபாய்க்குள்ள, கடைக்குக் கடை மாறும். 25 மீட்டருக்கு எண்ணூறு ரூபாய்ன்னு வைங்க. கனெக்டர் ரெண்டு போதும்னாலும் ஆறு வாங்குங்க, கிரிம்ப் பண்றதுல, அதாவது கனெக்டரை வயர்ல அழுத்திப் பொருத்தறதுல, ஒண்ணு ரெண்டு போகும். கிரிம்பிங் கருவி வாங்க வேண்டாம். கம்ப்யூட்டர் கடையில முனைக்குப் பத்து இருபது ரூபாய் வாங்கிட்டுப் போட்டுக் கொடுப்பாங்க. ஆனா ஒரு முனையை மட்டும் அங்க போடுங்க. கனெக்டர் போட்ட முனை வென்டிலேட்டர் சந்துல நுழையாது, வயரை இழுத்த பிறகுதான் மறுமுனை.

பின்கட்டு_மாடி

வயர் இழுத்தாச்சு, 25 மீட்டர் செம்பு. ரூட்டர் அமைப்பு எல்லாம் சொன்ன வரிசையில் முடித்தேன், நெட் வருகிறது. ஆனால் லேப்டாப்பை நேரா அந்த வயரில் மாட்டிப் பார்த்தால் 3, 5, சில நேரம் 0.8 எம்பிபிஎஸ். மோடம் பக்கத்தில் சின்ன வயரில் மாட்டினால் 94. ரெண்டு முனையும் தெரிந்த எலக்ட்ரீசியன் வீட்டுக்கு வந்து கிரிம்ப் செய்தார். டெஸ்டரில் 1 முதல் 8 வரை எல்லா லைட்டும் வரிசையாக எரிகிறது. வயரே மோசமா?

காசிமேடு_உப்புக்காத்து

கனெக்டர் கண்ணாடி மாதிரி இருக்கும்ல, கிளிப் கீழ்ப்பக்கம் இருக்கிற மாதிரி, வயர் நுழையிற பக்கம் உங்களைப் பார்த்த மாதிரி பிடிச்சுட்டு இடமிருந்து வலமா நிறத்தை எழுதுங்க.

பின்கட்டு_மாடி

ஆரஞ்சு-வெள்ளை, ஆரஞ்சு, பச்சை-வெள்ளை, பச்சை, நீல-வெள்ளை, நீலம், பிரவுன்-வெள்ளை, பிரவுன். ரெண்டு முனையும் ஒரே மாதிரி.

காசிமேடு_உப்புக்காத்து

வயர் நல்ல வயர்தான். வரிசை தப்பு. ஜோடி ஜோடியா அழகா அடுக்கிட்டாரு. 100 எம்பிபிஎஸ்க்கு 1, 2 ஒரு ஜோடி, 3, 6 இன்னொரு ஜோடி. உங்க வயர்ல 3ல பச்சை-வெள்ளை இருக்கு, 6ல நீலம் இருக்கு. ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு முறுக்கின கம்பி இல்ல. முறுக்கு இருந்தாத்தான் ஒரு கம்பியோட இரைச்சலை இன்னொண்ணு கழிக்கும். இல்லாததால சிக்னல் பக்கத்து ஜோடிக்குத் தாவுது, பாக்கெட் கெட்டுப் போகுது, திரும்பத் திரும்ப அனுப்புது. ரெண்டு அடி வயர்ல இது தெரியாது, 25 மீட்டர்ல வேகம் செத்துடும். லைட் டெஸ்டர் கம்பி முனைக்கு முனை போகுதான்னு மட்டும்தான் பார்க்கும், ஜோடி சரியான்னு பார்க்காது. அதனாலதான் எல்லா லைட்டும் எரியுது.

சரியான வரிசை, அதே பிடியில: ஆரஞ்சு-வெள்ளை, ஆரஞ்சு, பச்சை-வெள்ளை, நீலம், நீல-வெள்ளை, பச்சை, பிரவுன்-வெள்ளை, பிரவுன். பச்சை ஜோடி நீலத்தைத் தாண்டி ரெண்டு பக்கமும் நிக்கும், பார்க்க ஒழுங்கில்லாமத்தான் இருக்கும்.

ரெண்டு முனையையும் வெட்டிப் போடுங்க. மேல் தோலை ஒரு இன்ச் உரிங்க, முறுக்கைப் பிரிச்சு நேராக்கி வரிசையா பிடிச்சு, அரை இன்ச் விட்டு ஒரே வெட்டா வெட்டுங்க. கனெக்டருக்குள்ள தள்ளினா எட்டுக் கம்பியோட முனையும் முன்பக்கக் கண்ணாடில செம்புப் புள்ளியா தெரியணும். ஒரு புள்ளி குறைஞ்சாலும் கிரிம்ப் பண்ணாதீங்க. மேல் தோல் கனெக்டருக்குள்ள போயிருக்கணும், பின்னால இருக்கிற பிளாஸ்டிக் நாக்கு தோலைக் கடிக்கணும், மெல்லிசுக் கம்பியைக் கடிக்கக் கூடாது. தோல் வெளியே நின்னா ரெண்டு தடவை இழுத்ததும் கம்பி கழண்டு வரும்.

பின்கட்டு_மாடி

அதேதான்! ரெண்டு முனையும் வெட்டி மாற்றினேன். வயரில் 94. மாடி ரூமில் வைஃபை -46, வேகம் 48. செலவு வயர், கனெக்டர், பட்டி எல்லாம் சேர்த்து 1,140. ஒரே ஒரு குறை. கீழே இருந்து போனோடு மாடிக்குப் போனால் போன் இன்னும் கீழ் மோடத்தையே பிடித்துக்கொண்டிருக்கிறது. வைஃபையை அணைத்துப் போட்டால்தான் மாடி ரூட்டருக்கு மாறுகிறது.

தேரடி_வயர்மேன்

எந்தப் புள்ளியைப் பிடிக்கணும்னு போன்தான் முடிவு பண்ணும், ரூட்டர் இல்ல. பெரும்பாலான போன் -70 சுற்றி விழுந்த பிறகுதான் வேற தேடும். உங்க மோடம் மாடியில -77ன்னாலும் படிக்கட்டுல -68 இருக்கும், அங்கேயே ஒட்டிக்கிட்டுப் போகுது. மோடத்துல 2.4ஓட டிரான்ஸ்மிட் பவரைப் பாதிக்கு இறக்குங்க. 5 ஜிகாவை அப்படியே முழுசா விடுங்க, அது மாடிக்கு எட்டாது. படிக்கட்டு நடுவுல நின்னு அனலைசர்ல ரெண்டையும் பாருங்க. கீழ் மோடம் -75, மேல் ரூட்டர் -60ன்னு வந்தா நாலு படி ஏறறதுக்குள்ள மாறிடும். சமையலறை அளவையும் ஒரு தடவை பாருங்க. 22ல இருந்து ரொம்ப இறங்கினா பவரை முக்கால் அளவுக்கு ஏத்திக்கலாம்.

டெஸ்ட் எழுதற லேப்டாப்பை வைஃபையில விடாதீங்க. மாடி ரூட்டர்ல இன்னும் மூணு எல்ஏஎன் போர்ட் காலியா இருக்கு. ரெண்டு மீட்டர் வயர் ஒண்ணைப் போட்டு நேரா மாட்டிடுங்க.

பின்கட்டு_மாடி

பவர் பாதி. படிக்கட்டில் -74, மேலே -58. மாறுகிறது. சமையலறையில் 17, போதும். லேப்டாப்புக்கு வயர் போட்டாச்சு.